பழுதில்லாத வண்டி

தெருவில் எல்லோரும் அவரை எக்ஸ்ரே என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஆளும் ஒல்லி. சட்டையைக் கழற்றினால் படமே வேண்டாம், விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம் என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவார்கள். அது அவர் காதிலும் விழும். விழாத மாதிரிப் போய்விடுவார்.

நாள் முழுக்க அவர் மனிதர்களிடம் பேசுவது ஏறக்குறைய ஒரே பேச்சுதான். "இப்படித் திரும்பி நில்லுங்க. மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. ம், விடலாம்." சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அதைச் சொல்லக்கூட ஆள் கிடையாது. கல்யாணம் ஒவ்வொரு சாக்காகத் தள்ளிப்போனது. அப்புறம் அதைப் பற்றிக் கேட்பவர்களும் நின்றுபோனார்கள். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தவரை அந்த வீட்டில் ஒரு குரலாவது இருந்தது. தண்ணி கொடு, ஜன்னலைச் சாத்து, எங்கே போய்த் தொலைந்தாய் என்று ஏதாவது ஒன்று. அம்மா போன பிறகு குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும்தான். அக்கா வெளியூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், அவர் சாப்பிட்டேன் என்பார், அதோடு அந்த வாரம் முடிந்துவிடும்.

இப்படி இருந்த மனிதர் ஒரு நாள் ராணுவ முகாமில் நடந்த பழைய சாமான் ஏலத்துக்குப் போனார். தனக்காகப் போகவில்லை. கூட வேலை பார்க்கும் காம்பவுண்டருக்கு இரும்புக் கட்டில் வேண்டியிருந்தது, துணைக்குக் கூப்பிட்டார். கட்டில்கள் விற்றுத் தீர்ந்து, உடைந்த நாற்காலிகளும் விற்றுத் தீர்ந்து, கூட்டம் கலைய ஆரம்பித்தபோது மைதானத்தின் ஓரத்தில் ஒரு பிக்கப் வண்டி நிற்பதை அவர் பார்த்தார். பச்சை பெயிண்ட் உரிந்து உரிந்து தொங்கியது. டயர்கள் மண்ணில் புதைந்திருந்தன. தரைத் தகட்டில் இருந்த ஓட்டை வழியாகப் புல் வளர்ந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஏலம் விடுகிறவர் இதற்கு யாராவது உண்டா என்று ஒரு கடமைக்குக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்ரே கையைத் தூக்கினார்.

எதற்குத் தூக்கினார் என்று காம்பவுண்டர் வழி நெடுக நச்சரித்தார். அக்கா போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டாள்.

"டேய், உனக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது. பட்டாளத்து வண்டிய வச்சு யாரோட சண்டைக்குப் போகப் போற?"

"சும்மாதான்க்கா. நிக்கட்டுமே."

"நிக்கறதுக்கு ஒரு வண்டியா?"

வீட்டை ஒட்டி ஒரு காலி இடம் உண்டு. கிரேன் வைத்து இழுத்துவந்து வண்டியை அங்கே இறக்கினார்கள். மறுநாள் சாயங்காலம் எக்ஸ்ரே ஒரு ஸ்பேனரும் அழுக்குத் துணியுமாக அதன் முன்னால் நின்றுகொண்டு, எந்த நட்டிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, சுற்றுச்சுவருக்கு மேலே ஒரு மீசை தெரிந்தது.

"அந்த நட்டு இடப்பக்கம் திருப்பணும். நீங்க வலப்பக்கம் திருப்பறீங்க," என்றது மீசை.

அதுதான் ஜெனரல். பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர். ராணுவத்தில் இருந்தது உண்மை, ஜெனரலாக இருந்தது பொய். ரேஷன் கிடங்கில் அரிசி மூட்டைக்கும் பால்பவுடர் டின்னுக்கும் கணக்கு வைத்தவர். நடையையும் மீசையையும் பார்த்துத் தெருவே கொடுத்த பதவி உயர்வு அது. எழுபதை நெருங்கியும் முதுகு கம்பி மாதிரி நிற்கும். மனைவி இல்லை. மகள் கடல் தாண்டிப் போய்விட்டாள். வண்டி ஓட்டத் தெரியாது, இன்ஜினைப் பற்றித் தெரிந்ததும் சொற்பம். ஆனால் அந்த வண்டியில் மண்வெட்டி எங்கே மாட்டுவார்கள், கோடாரி எங்கே, தண்ணீர் கேன் எந்தப் பக்கம், எந்த இடத்தில் எண் எழுதுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பச்சை விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதக்காரர்.

"பச்சைன்னா எல்லாப் பச்சையும் பச்சை இல்ல. நீங்க வாங்கிட்டு வந்திருக்கறது கிளிப் பச்சை. இத அடிச்சா எதிரி சுட மாட்டான், சிரிச்சே செத்துருவான்."

ஜெனரல் தினமும் வர ஆரம்பித்தார். அவரைப் பார்த்து எதிர்வீட்டு பஸ் டிரைவர் வந்தார். நாள் பூராவும் ஸ்டியரிங் பிடிப்பவர், விடுமுறை நாளில் வேறு ஒரு வண்டியின் அடியில் படுத்துக் கிடப்பதுதான் ஓய்வு என்று சொல்கிற ரகம். கொஞ்ச நாளில் தையல்காரம்மாவும் சேர்ந்துகொண்டார். பின்பக்கத்துக்கு மேல்கூரைத் துணி தைக்க வேண்டும் என்று அளவெடுக்க வந்தவர், கடையைச் சாத்திய பிறகு ஒரு பிளாஸ்க்கில் டீயோடு வந்து உட்காருவது வழக்கமானது. பாவாடைக்கும் ஜாக்கெட்டுக்கும் பழகிய மெஷின் தார்ப்பாயைப் பார்த்து அழுகிறது என்று அலுத்துக்கொள்வார். ஆனால் தைத்த தையல் ஒவ்வொன்றும் ரூல் போட்ட மாதிரி இருந்தது.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி உள்ளே எண்ணெயை ஊற்றி வைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் நால்வரும் சுற்றி நின்று, கைப்பிடியைச் செருகித் திருப்பிப் பார்த்தார்கள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய். இன்னும் கொஞ்சம் டீ. ஒரு நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. பஸ் டிரைவர் கைப்பிடியை விட்டுவிட்டு, ஏதோ குழந்தை முதல் அடி எடுத்துவைத்ததைப் போல, "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெட்ரோல் டாங்கிக்குள் துரு. கூழாங்கல்லையும் பழைய சங்கிலியையும் உள்ளே போட்டு, ஜெனரல் ஒரு பக்கமும் எக்ஸ்ரே ஒரு பக்கமும் பிடித்துக் குலுக்கினார்கள். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுத்துக் கொடுக்கிற சின்னப் பம்ப் எங்கோ கசிந்தது, எங்கே என்று தெரியவில்லை. எக்ஸ்ரே அதைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் வைத்துப் படம் எடுத்தார். அலுமினிய உடம்பில் ஒரு விரிசல் கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படத்தை ஜெனரல் சாயங்கால வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நோயாளி பிழைக்கறது கஷ்டம். குடும்பத்துக்குச் சொல்லியனுப்புங்க," என்றார். தையல்காரம்மா சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினார். எக்ஸ்ரேயும் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்குள் போய்க் கண்ணாடியைப் பார்த்தபோது கன்னத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. அவர் அதைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியே ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின.

கடைசியில் எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கரண்ட் பிளக் வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. எக்ஸ்ரே தனியாக உட்கார்ந்து, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, படம் பார்க்கிற பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே சுற்றுகிற ரோட்டர் என்ற சின்னப் பாகம், கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அதன் அடிப்பக்கத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். வெறும் கண்ணுக்குத் தெரியாது. புது ரோட்டர் வாங்கி மாட்டினார். பழையதை ஆணிகள் கிடக்கும் டப்பாவில் போட்டார். அன்றைக்குச் சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு உறுமு உறுமிப் பிடித்துக்கொண்டது.

எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். பஸ் டிரைவர்தான் ஓட்டினார். எக்ஸ்ரே பக்கத்தில் உட்கார்ந்து பழகினார். ஜெனரல் பின்னால் நின்றுகொண்டு, கண்ணில் பட்டவருக்கெல்லாம் சல்யூட் வைத்தார். தையல்காரம்மா புருஷனையும் கூட்டிவந்திருந்தார். அந்த மனிதர் மேல்கூரைத் துணியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். எக்ஸ்ரேயின் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

அதற்கடுத்த நாள் யாரும் வரவில்லை.

களைப்பாக இருக்கும் என்று நினைத்தார். அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. அவர்கள் மேல் தப்பும் கிடையாது. பஸ் டிரைவர் விடுமுறையில் தன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். தையல்காரம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்திருந்தது. தெருவில் பார்த்தபோது பஸ் டிரைவர் கையை ஆட்டி, "அதான் வண்டி ஓடுதே அண்ணே, இனி என்ன கவலை," என்றார். ஜெனரல் நூலகத்தில் பேப்பர் படிக்கிற பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்.

எக்ஸ்ரே ஓட்டக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்கட்டு வரைக்கும் போய்விட்டு வருவார். ஒருமுறை கூப்பிட்டும் பார்த்தார். எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. பின்னால் இரண்டு பெஞ்சும் காலியாகக் குலுங்கிக்கொண்டு வர, அணைக்கட்டுக்குப் போய் வண்டியை நிறுத்தி, தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஆயில் அளவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கிரீஸ் அடிக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் அடித்தார், இறுக்க வேண்டியதை இறுக்கினார். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் வினையாகப் போயிற்று. குறை இருந்த வரைக்கும் நான்கு பேர் இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் ஆணி தேடப்போய் டப்பாவைக் கவிழ்த்தபோது அந்தப் பழைய ரோட்டர் உருண்டு வந்து காலடியில் நின்றது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார் என்று சொல்ல முடியாது. பானெட்டைத் திறந்தார். நல்லதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விரிசல் விட்டதை மாட்டினார். செல்ஃப் அடித்துப் பார்த்தார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. நேராக நூலகத்துக்கு நடந்தார்.

"ஜெனரல், வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

ஜெனரல் பேப்பரைப் படக்கென்று மடித்துவைத்தார். மனிதர் காத்திருந்த மாதிரி எழுந்து வந்தார்.

மறுபடியும் சாயங்காலங்கள் நிறைந்தன. பஸ் டிரைவர் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மறுநாள் மறுபடி கழற்றினார். "என் பஸ்ஸு டீசல். அதுக்குப் பிளக்கே கிடையாது. இந்தச் சனியன் ஏன் இருமுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்," என்று அலுத்துக்கொண்டே சந்தோஷமாக வேலை செய்தார். தையல்காரம்மா பிளாஸ்க்கோடு வந்தார். டிஸ்ட்ரிபியூட்டரையும் திறந்தார்கள். ரோட்டரை எடுத்து ஊதிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று திரும்ப வைத்தார்கள். எக்ஸ்ரே டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் நல்ல ரோட்டர் நெஞ்சில் இடித்தது.

ஜெனரல் மட்டும், கரண்டை ஏற்றிக் கொடுக்கிற காயில்தான் கோளாறு என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு நாள் முழுக்கக் காணவில்லை. பஸ் பிடித்து எங்கோ போய், பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு காயிலை வாங்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். மாட்டினார்கள். வண்டி இருமியது, அடங்கியது. ஜெனரலின் முகம் விழுந்துபோனதைப் பார்க்க முடியாமல் எக்ஸ்ரே டார்ச்சை அணைத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் ஜெனரல் விஷயத்தைச் சொன்னார். அவருடைய பழைய பட்டாளத்து ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவது உண்டு. அந்த வருடக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஒரு வேலை பண்ணிட்டேன் தம்பி. வண்டி ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். இந்தத் தடவ நான் நம்ம வண்டியிலதான் வந்து இறங்குவேன்னு. அங்க எல்லாரும் அவனவன் புள்ளைங்க கார்ல வந்து இறங்குவானுங்க. நான்தான் எப்பவும் பஸ்ஸு."

எக்ஸ்ரே அந்த நிமிடமே பையில் கையை விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை தற்செயலாகக் கண்டுபிடித்தது போலக் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். வெள்ளிக்கிழமை மின்சாரம் போய்விட்டது. தெருவே புழுக்கத்துக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது, பஸ் டிரைவர் தன் மாமனார் கதையை நடித்துக்காட்டினார், யாருக்கும் எழுந்து போக மனம் வரவில்லை. நாளைக்கு என்று நினைத்தார். நாளைக்கும் ஏதோ ஒன்று. இப்படி நாளைக்கு நாளைக்கு என்று கூட்டத்துக்கு முந்தின நாள் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஜெனரல் வந்து, வழக்கமாகச் செய்வது போல ஸ்பேனரை எடுக்கவில்லை. வண்டியின் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க தம்பி. நான் பஸ்லயே போய்க்கறேன். நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. உங்களால ஆனதெல்லாம் பாத்தீங்க. வண்டிக்கும் வயசாச்சுல்ல. எனக்கே காலையில எந்திரிச்சா ஒரு முட்டி ஸ்டார்ட் ஆகுது, ஒண்ணு ஆக மாட்டேங்குது."

சொல்லிவிட்டு எக்ஸ்ரேயின் தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார். எக்ஸ்ரேக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக எழுந்து ரோட்டரை மாற்றினார். வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஜெனரல் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் கதவு பூட்டியிருந்தது. ஹாரன் சத்தம் கேட்டு, பக்கத்தில் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மா வந்தார்.

"அவர் இருட்டோடயே கிளம்பிட்டாரே அண்ணே. தெருவுல யாரும் பாக்கறதுக்கு முன்னாடி போயிரணும்னு சொன்னார்." அப்புறம்தான் அவர் வண்டியைக் கவனித்தார். "ஓடுதா?"

எக்ஸ்ரே கியரைப் போட்டார்.

அந்த வண்டிக்கு வேகம் வராது. நெடுஞ்சாலையில் லாரிகள்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. ஸ்டியரிங் கையில் உதறியது. கூட்டம் நடக்கிற ஊருக்குப் போகிற வழியில் பார்த்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், ஊர் ஊராக நின்று போகிற பஸ்கள் டீக்கு நிற்கிற ஒரு இடத்தில், அந்த மீசை தெரிந்தது. ஜெனரல் கருநீலக் கோட்டுப் போட்டு, மார்பில் மெடல்களைக் குத்தியிருந்தார். டீ டம்ளரைக் கோட்டில் பட்டுவிடாதபடி கொஞ்சம் எட்டப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தத்துக்குத் திரும்பினார். முகம் மலர்ந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? என்ன, காயில்தானே? வயர சரியா முடுக்கல, அதானே? நான் தலையால அடிச்சுக்கிட்டேன்ல."

ஆமாம், காயில்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெனரல் அந்தப் பெருமையிலேயே மிச்ச ஆயுளைக் கழித்துவிடுவார். எக்ஸ்ரேக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மலர்ந்த முகத்துக்கு நேராக இன்னொரு பொய்யை நீட்ட முடியவில்லை.

"காயில் இல்லிங்க. ரோட்டர். விரிசல் விட்ட பழச நான்தான் மாட்டி வச்சேன். நல்லது என் பையில இருந்துச்சு. இத்தன நாளும்."

ஜெனரல் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தார். திரும்பி வந்தார்.

"எதுக்கு?"

"வண்டி ஓட ஆரம்பிச்சப்புறம் நீங்க யாரும் வரல."

பஸ் கண்டக்டர் விசில் அடித்தார். ஜெனரல் பஸ்ஸைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் ஏறினார். போய்விட்டார் என்றே எக்ஸ்ரே நினைத்தார். ஆனால் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எக்ஸ்ரே முன்கதவைத் திறந்துவைத்தார். ஜெனரல் அதைத் தாண்டி நடந்து, பின்னால் போய், படியில் கால் வைத்து ஏறி, மரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"போலாம்," என்றார்.

மிச்ச வழி முழுக்க அவர் அங்கேதான் இருந்தார். முதுகுப் பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாக எக்ஸ்ரே அடிக்கடி பார்த்தார். முழங்காலில் கைகளை வைத்து, நிமிர்ந்து, எதிர் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டபோது மட்டும் ஒரு கையால் கம்பியைப் பிடித்தார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் அந்தக் கண்ணாடி.

கூட்டம் நடந்த மண்டபத்து வாசலில் கிழவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் ஊன்றுகோல்களெல்லாம் வேகமாக நகர்ந்தன. ஜெனரல் பின்னாலிருந்து எழுந்து நின்று, எல்லோருக்கும் சேர்த்து ஒரு சல்யூட் வைத்துவிட்டு இறங்கினார். பட்டாளத்தில் உண்மையாகவே அதே மாதிரி வண்டி ஓட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "யாரு கை இது?" என்றார்.

"இவரு கைதான்," என்றார் ஜெனரல், எக்ஸ்ரேயின் பக்கம் திரும்பாமலே. "போல்ட்டு போல்ட்டா கழட்டி மாட்டினவர். புல்லு முளைச்சுக் கிடந்த வண்டி. நாங்க கூட நின்னோம், அவ்வளவுதான்."

ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எக்ஸ்ரே தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் படம் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் வண்டியின் முன்னால் வரிசையாக நின்றார்கள். படம் எடுப்பதுதானே உங்கள் தொழில் என்று போனை எக்ஸ்ரே கையில் கொடுத்தார்கள். அவர் பழக்கதோஷத்தில், "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க," என்று சொல்லிவிட்டார். அத்தனை கிழவர்களும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்து, மார்பை நிமிர்த்தி நின்றார்கள். மெடல்கள் எல்லாம் ஒரு விரற்கடை மேலே ஏறின. படம் பிரமாதமாக வந்தது. ஜெனரல் மட்டும் கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து, வெயில் தாழ்ந்ததும், எக்ஸ்ரே வண்டியருகில் வந்து காத்திருந்தார். ஜெனரல் வந்தார்.

"நீங்க கிளம்புங்க. நான் இங்க சிநேகிதர் வீட்டுல தங்கிட்டு நாளைக்கு பஸ்ல வர்றேன்."

"நான் வேணா இருந்து..."

"வேணாம்."

எக்ஸ்ரே தனியாகத் திரும்பினார்.

ஜெனரல் தெருவில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ்ரேதான் சொன்னார். பஸ் டிரைவர் வெள்ளையடித்த கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி அண்ணே, அந்தப் பிளக்க எத்தன தடவ கழட்டினேன் நான்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரோடு அது முடிந்தது. தையல்காரம்மா சிரிக்கவில்லை. வாயில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"எங்க வீட்டுக்கு நீங்க ஒரு தடவையாவது வந்திருக்கீங்களா அண்ணே?"

எக்ஸ்ரே யோசித்தார். கடை வரைக்கும் வந்திருக்கிறார், துணி கொடுக்க, வாங்க. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனதில்லை.

"நாங்கதான் உங்க இடத்துக்கு வரணும். அதுவும் வண்டியில ஏதாவது கெட்டுப்போயிருந்தா. கெட்டுப்போகலன்னா என்ன சொல்லிக்கிட்டு வர்றது? எங்களுக்கு மட்டும் காரணம் வேணாமா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னார்.

நாட்கள் போயின. ஜெனரல் வரவில்லை. நூலகத்தைக் கடந்து போகும்போது பேப்பருக்கு மேலே மீசை தெரியும், பேப்பர் கொஞ்சம் உயரும். எக்ஸ்ரே ஆஸ்பத்திரிக்குப் போனார், வந்தார். வண்டியைத் துடைத்தார். அணைக்கட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். அக்கா போனில், என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஒன்றுமில்லை என்றார். அப்புறம் போனை வைக்காமல், "அக்கா, எனக்கு இங்க பேச்சுத்துணைக்கு ஆளே இல்லக்கா," என்றார். "இத்தன வருஷமா இத ஏன்டா சொல்லல," என்றாள். அன்றைக்கு அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். பெரும்பாலும் அம்மாவைப் பற்றி.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எக்ஸ்ரே குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, வண்டியை எடுக்காமல் நடந்து, ஜெனரல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஜெனரல் கதவைப் பாதி திறந்தார். பனியனும் அரைக்கால் டிரவுசருமாக இருந்தார். அந்தக் கோலத்தில் அவர் ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

"வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு. சும்மாதான் வந்தேன்."

"சும்மான்னா?"

"சும்மா. உங்களப் பாக்க."

ஜெனரல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவை முழுதாகத் திறந்துவிட்டு உள்ளே நடந்தார். எக்ஸ்ரே செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார்.

ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. சுவரில் மகளும் பேரக் குழந்தைகளும் பனியில் நிற்கிற படம். மேஜையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தபடி. எல்லாமே ஒவ்வொன்று. கட்டிலில் அப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த ஒரு பெரிய படுக்கை விரிப்பு குவிந்து கிடந்தது. ஜெனரல் அதன் இரண்டு முனைகளைத் தேடி எடுத்து, கையை அகல விரித்துப் பார்த்தார். நடுப்பகுதி தரையில் இழுபட்டது. மறுபடி சுருட்டி எடுத்தார்.

"இதத் தனியாளா மடிக்கவே வர மாட்டேங்குது," என்றார் எரிச்சலாக. "வாரா வாரம் இதே ரோதனை."

எக்ஸ்ரே போய் எதிர்முனைகளைப் பிடித்தார். இருவரும் பின்னால் நகர்ந்து துணியை இழுத்துப் பிடித்தார்கள். உதறினார்கள். சேர்ந்து முன்னால் வந்தார்கள், எக்ஸ்ரே தன் முனைகளை ஜெனரல் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பைப் பிடித்தார். மறுபடி பின்னால். மறுபடி முன்னால். ஜெனரல் மடிப்பின் ஓரத்தை விரலால் நீவிவிட்டு, விரிப்பைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார்.

"உக்காருங்க," என்றார், இருந்த ஒரே நாற்காலியைக் காட்டி. தான் கட்டிலில் உட்கார்ந்தார்.

ஜெனரல் ரேடியோவைப் போட்டார். செய்தி வாசித்தார்கள், அப்புறம் யாரோ பாடினார்கள். வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. ஒரு தடவை ஜெனரல், "காயில் வாங்கப் போனேனே, அன்னைக்கு ரெண்டு பஸ் மாறிப் போனேன்," என்றார். எக்ஸ்ரே, "தெரியும்," என்றார்.

கிளம்பும்போது ஜெனரல் வாசல் வரைக்கும் வந்தார்.

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மருந்து ஊத்துவாங்களாம், திரும்பி வர்றப்ப கண்ணு மங்கலா இருக்கும்னு சொன்னாங்க."

"நான் லீவு போட்டுட்டு வரட்டுமா? வண்டியில போயிரலாம்."

ஜெனரல் மீசையை நீவிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"எட்டரைக்கு அங்க இருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.